கடைசி இடமும் இரண்டு வெற்றிகளும்

"அவன் பெரிய ஆட்டக்காரன் சார், நான் ஆடி என்ன பிரயோஜனம்?" கோட்டூர்புரத்தில் செஸ் பலகையின் முன் அமர்ந்த சிறுவன் ஒருவன் இப்படிச் சலித்துக் கொண்டான். அவனுக்குச் சொன்ன கதை இது.

1962-ஆம் வருஷம். ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் 23 வீரர்கள் கூடினார்கள். அவர்களில் ஆறு பேருக்குத்தான் உலகப் பட்டத்துக்கான அடுத்த சுற்றில் இடம். பாபி ஃபிஷர், பெட்ரோசியான், கெல்லர் என்று அத்தனை பேரும் மகாரதர்கள். அந்தக் கூட்டத்தில் நம் மானுவல் ஆரோன்! முந்தைய ஆண்டுதான் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர்.

தோல்விக்கு மேல் தோல்வி. முடிவில் கிடைத்தது கடைசி இடம்தான். ஆனால், ஹங்கேரியின் போர்ட்டிஷ், கிழக்கு ஜெர்மனியின் உல்மான் ஆகிய இரு கிராண்ட்மாஸ்டர்களை அவர் வீழ்த்திவிட்டார். அந்த இருவருக்கும் முதல் ஆறில் இடமில்லை! எளியவனிடம் கோட்டை விட்ட புள்ளி வலியவனுக்குத்தான் அதிகம் வலிக்கும்.

பின்னர், 1972-ல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் தால் செஸ் கிளப் தோன்ற ஆரோன் துணை நின்றார். அங்கே ஆடிப் பழகிய சிறுவன்தான் விசுவநாதன் ஆனந்த்.

கதை முடிந்தது. சிறுவன் பேசவில்லை, ராஜாவுக்கு முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினான்.