பிரிட்டனின் குடிமை விழுமியங்கள்: பட்டியலும் வாழ்வும்

மக்களாட்சி, சட்டத்தின் ஆட்சி, தனிமனித சுதந்திரம், மாறுபட்ட சமயங்களையும் நம்பிக்கைகளையும் உடையோரிடம் காட்டும் மரியாதையும் சகிப்பும் ஆகிய இந்நான்கையும் 'அடிப்படையான பிரிட்டிஷ் விழுமியங்கள்' என்று பிரிட்டிஷ் அரசு 2011ஆம் ஆண்டு வரையறுத்தது. இவற்றை மாணவரிடையே முனைந்து வளர்க்க வேண்டும் என்பது 2014 முதல் இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு விதியாயிற்று. பட்டியலைக் காண்போர்க்கு இரு கேள்விகள் எழுவது இயல்பு. இவற்றுள் பிரிட்டனுக்கே உரியது எது? அன்றாட வாழ்வில் இவை எங்கே உறைகின்றன?

இப்பட்டியல் பிறந்த இடமும் கருதத்தக்கது. தீவிரவாதத் தடுப்புக் கொள்கையை விளக்கும் 'பிரிவென்ட்' ஆவணத்தில்தான் அது இடம்பெற்றது. ஆகவே, அந்நாட்டு முஸ்லிம்களுள் பலர் அதனைத் தங்கள்மீது கொண்ட ஐயத்தின் அளவுகோலாகவே கண்டனர். அந்த மனக்குறைக்கு நியாயம் உண்டு. எனினும், ஆவணத்தை விடுத்து வரலாற்றை நோக்கினால் வேறோர் உண்மை புலப்படும். இவ்விழுமியங்களை வென்றெடுத்தோருள் பெரும்பாலோர் ஆட்சியாளர் அல்லர். ஆட்சியாளரின் ஐயத்துக்கு இலக்கானவர்களே.

ஜூரி முறையை எடுத்துக்கொள்வோம். 1670ஆம் ஆண்டு குவாக்கர் என்னும் சிறுபான்மைக் கிறிஸ்தவப் பிரிவினரின் வழிபாட்டு இல்லம் லண்டனில் படைவீரர்களால் அடைக்கப்பட்டது. வில்லியம் பென் என்பார் தெருவில் நின்று பிரசங்கம் செய்தார். அவரும் வில்லியம் மீடும் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். நீதிபதிகள் விரும்பிய தீர்ப்பை வழங்க ஜூரிகள் மறுத்தனர். உணவும் நீரும் இன்றி இரண்டு இரவுகள் அடைத்து வைக்கப்பட்ட பின்னரும் அவர்கள் அசையவில்லை. அபராதமும் சிறையுமே பரிசாகக் கிடைத்தன. எட்வர்ட் புஷெல் என்னும் ஜூரி அபராதம் செலுத்த மறுத்து வழக்காடினார். தம் மனச்சான்றின்படி தீர்ப்பளித்த ஜூரியைத் தண்டித்தல் ஆகாது எனத் தலைமை நீதிபதி ஜான் வாகன் தீர்ப்பளித்தார். ஓல்டு பெய்லியில் அந்த ஜூரிகளின் நினைவாக ஒரு கல்வெட்டு இன்றும் உள்ளது.

இந்தியாவில் குற்ற வழக்குகளில் வழக்கொழிந்துவிட்ட இம்முறை, அங்கே சாதாரண மனிதரின் வாயிலுக்கே வந்து சேர்கிறது. வாக்காளர் பட்டியலிலிருந்து தற்செயலாகத் தெரிவு செய்யப்பட்டவருக்கு அழைப்புக் கடிதம் வருகிறது. பேருந்து ஓட்டுநர், மருத்துவர், கடைக்காரர் எனப் பன்னிருவர் அமர்ந்து, முன்பின் அறியாத ஒருவரின் குற்றத்தையோ குற்றமின்மையையோ முடிவு செய்கின்றனர். சட்டத்தின் ஆட்சி என்பது அந்த அறையில் ஒரு சொற்றொடராக இல்லை. வேலைக்குச் செல்லாமல் வந்து ஆற்றும் கடமையாக இருக்கிறது.

நம் வாசகர் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. வசிப்புரிமை பெற்ற காமன்வெல்த் நாட்டவர், பிரிட்டிஷ் குடியுரிமை பெறாவிடினும், அங்கே நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். வாக்காளராகப் பதிந்து ஐந்தாண்டுகள் வசித்தவரை ஜூரியாகவும் அழைக்கலாம். காயல்பட்டினத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ சென்று குடியேறிய ஒருவர், தம் நாட்டுக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டே ஓர் ஆங்கிலேயரின் வழக்கில் தீர்ப்புக் கூறும் நிலை இதனால் உண்டாகிறது. அவர் குர்ஆனின் மீது சத்தியம் செய்து அவ்விருக்கையில் அமரலாம். விரும்பினால் சமயச் சார்பற்ற உறுதிமொழியும் எடுக்கலாம். உற்றார்க்கு எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்க வேண்டும் என்னும் மறைபோதனையில் வளர்ந்தவர்க்கு இக்கடமை அந்நியமாகத் தோன்றாது.

இந்தச் சத்திய உரிமையும் எளிதில் வந்ததன்று. யூதரான லியோனல் டி ராத்ஸ்சைல்டு 1847இல் லண்டன் நகரத் தொகுதியில் வென்றார். ஆயினும், உறுதிமொழியில் இருந்த 'கிறிஸ்தவனின் மெய்யான நம்பிக்கையின்படி' என்னும் தொடர் அவரைத் தடுத்தது. பதினோராண்டுகளுக்குப் பின் 1858இல்தான் அவர் இருக்கையில் அமர்ந்தார். 1880இல் வென்ற நாத்திகர் சார்லஸ் பிராட்லா, பலமுறை வெளியேற்றப்பட்டு, மறுபடி மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டு, 1886இல் அவையில் இடம்பெற்றார். இந்திய விவகாரங்களில் கொண்ட ஈடுபாட்டால் 'இந்தியாவின் உறுப்பினர்' என்று பெயர் பெற்றவர் அவரே. 1997இல் முதல் முஸ்லிம் உறுப்பினராகக் கிளாஸ்கோவிலிருந்து முஹம்மது சர்வர் சென்றபோது, யூதரும் நாத்திகரும் திறந்துவைத்த வாயில் வழியாகவே அவர் உள்ளே நுழைந்தார்.

சகிப்பு என்னும் விழுமியத்துக்கும் இது பொருந்தும். தலைப்பாகை அணிந்த சீக்கிய மாணவனுக்கு ஒரு பள்ளி இடம் மறுத்த வழக்கில், சீக்கியர் ஓர் இனக்குழு ஆதலின் இனப்பாகுபாட்டுச் சட்டம் அவர்களைக் காக்கும் என 1983இல் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. பல இனத்தாரைக் கொண்ட முஸ்லிம்களுக்கு அக்காப்பு நேரடியாகக் கிட்டவில்லை. பணியிடத்தில் சமயத்தின் பெயரால் பாகுபாடு காட்டுவது 2003 டிசம்பரில்தான் அங்கே சட்டவிரோதமாயிற்று. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் அப்பாதுகாப்பை ஒருங்கிணைத்தது. அதாவது, பட்டியலில் பொன்னெழுத்தில் பொறிக்கப்பட்ட விழுமியம், பட்டியல் எழுதப்படுவதற்கு எட்டாண்டுகளுக்கு முன்புவரை முஸ்லிம் தொழிலாளியின் பணியிடத்தில் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை.

இதனைச் சுட்டுவது குறைகாணும் நோக்கத்தால் அன்று. விழுமியம் ஒரு நாட்டின் பிறவிக் குணமன்று என்பதே இதன் பாடம். அச்சமூகம் தனக்குத்தானே விதித்துக்கொண்டு, தவறும்போதெல்லாம் நினைவூட்டப்பட வேண்டிய வாக்குறுதி அது. 2018இல் பிரபுக்கள் அவைக் குழு ஒன்று, 'அடிப்படையான பிரிட்டிஷ் விழுமியங்கள்' என்பதற்கு மாற்றாகப் 'பிரிட்டிஷ் குடியுரிமையின் பகிர்ந்த விழுமியங்கள்' என வழங்கலாம் எனப் பரிந்துரைத்தது. 'பகிர்ந்த' என்னும் சொல்லில் உண்மை உண்டு. பள்ளிவாசல் கட்ட அனுமதி கோருவோரும், அதற்கு ஆட்சேபம் எழுதும் அண்டை வீட்டாரும் ஒரே உள்ளாட்சி மன்றத்தின் முன் தம் வாதத்தை வைக்கின்றனர். இருவருக்கும் ஒரே விதி. அனுமதி மறுக்கப்பட்டால் விண்ணப்பித்தோர் மேல்முறையீடு செய்யவும் விதி வகுத்த வழி உண்டு. அங்கே வாழும் முஸ்லிம், ஐயத்தின் அளவுகோலால் தாம் அளக்கப்படுவதைக் கண்டு மனம் கசந்து ஒதுங்கிவிடலாம். அன்றி, அதே அளவுகோலை அரசின்மீதும் வைத்து அளந்து, வாக்குறுதியை நிறைவேற்றுமாறு கேட்கலாம். குவாக்கரும் யூதரும் நாத்திகரும் இரண்டாம் வழியைத் தேர்ந்தனர். அதன் பயனை இன்று அந்நாட்டார் அனைவரும் துய்க்கின்றனர்.