ஆணி வேண்டாத கட்டு

இரண்டு மரத்துண்டுகளை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். என்ன செய்வீர்கள்? "நான்கு ஆணியும் ஒரு சுத்தியலும் போதும்" என்பீர்கள். பெஞ்சு, நாற்காலி, கதவு எல்லாவற்றுக்கும் அது சரிதான். ஆனால் அந்த மரத்துண்டுகள் நாள்தோறும் கடல் அலையில் மோதி எழுந்து, மணலில் வந்து இடிக்க வேண்டியவை என்றால்? அப்போது ஆணி தோற்றுவிடும், கயிறு வென்றுவிடும்.

இதை நன்கு அறிந்திருந்தவர்கள் இருவர். ஒருவர் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்க் கரையில் கட்டுமரம் கட்டிய மீனவர். மற்றவர் ஏறக்குறைய 12,000 கிலோமீட்டருக்கு அப்பால், பசிபிக் பெருங்கடலின் நடுவிலுள்ள டோங்கா, சமோவாத் தீவுகளின் தச்சர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. எனினும் இருவர் கையிலும் இருந்தது தென்னை நார்க் கயிறுதான். அந்தக் கயிற்றில் என்னென்ன அறிவியல் அடங்கியிருக்கிறது என்று பார்ப்போமா?

நம் கரையின் கட்டுமரம்

'கட்டுமரம்' என்ற பெயரே அதன் செய்முறையைச் சொல்லிவிடுகிறது. எடை குறைந்த மரக்கட்டைகள் சிலவற்றைச் செதுக்கி, அருகருகே வைத்து, முன்னும் பின்னும் கயிற்றால் இறுகக் கட்டினால் கட்டுமரம். மிதப்பதற்கு அதற்குக் குழிவான உடல் தேவையில்லை. மரத்தின் அடர்த்தி கடல்நீரின் அடர்த்தியைவிடக் குறைவு. அதனால் கட்டை தானே மிதக்கிறது. எடுத்துக்காட்டாக, ஒரு கனமீட்டர் மரத்தின் எடை 500 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கனமீட்டர் கடல்நீரின் எடை ஏறத்தாழ 1,025 கிலோகிராம். ஆகவே அந்த மரம் தன் எடையுடன் இன்னும் 525 கிலோகிராம் வரை தாங்கும். ஆர்க்கிமிடீஸ் தத்துவம் இது.

படகில் நீர் புகுந்தால் படகு மூழ்கும். கட்டுமரத்தில் நீர் புகுந்தால் கட்டைகளின் இடுக்கு வழியே வடிந்துவிடும். அலை கவிழ்த்தாலும் அது மூழ்குவதில்லை. மீனவர் அதைப் புரட்டிப் போட்டு மீண்டும் ஏறிக்கொள்ளலாம்.

கரை திரும்பியதும் கட்டை அவிழ்த்து, மரங்களை மணலில் தனித்தனியே காய வைப்பது வழக்கம். ஏன்? நீரை உறிஞ்சிய மரம் கனத்துவிடும். கனத்த மரம் குறைவாகவே தாங்கும். ஆணி அடித்திருந்தால் இப்படிப் பிரித்துக் காய வைக்க முடியுமா?

ஆணி ஏன் தோற்கிறது?

கரையை நெருங்கும்போது அலை உடைகிறது. உடையும் அலை ஒரு கட்டையைத் தூக்கும், அடுத்ததை அமுக்கும். ஆணி இரும்பு, அது வளைந்து கொடுப்பதில்லை. ஆகவே விசை முழுவதும் ஆணியைச் சுற்றியுள்ள சிறிய துளையில் வந்து குவிகிறது. துளை நாளடைவில் அகலமாகிறது. உப்பு நீர் ஆணியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. ஒரு நாள் ஆணி கழன்றுவிடுகிறது.

கயிற்றுக் கட்டு அப்படியல்ல. அது சற்றே நீளும். அலை போனதும் பழைய நிலைக்கு வரும். விசை ஒரு புள்ளியில் குவியாமல் எல்லாச் சுற்றுகளிலும் பரவிவிடுகிறது. மரம் நீரில் ஊறிச் சற்றே பருக்கும்போது கட்டு இன்னும் இறுகுகிறது.

சென்னைத் துறைமுகப் பணிகள் 1870-களில் தொடங்கும் முன், கப்பல்கள் கரையிலிருந்து தள்ளியே நங்கூரமிட்டன. ஆட்களையும் சரக்கையும் அலைகளைக் கடந்து கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றின் பலகைகளும் ஆணியால் சேர்க்கப்படவில்லை. தென்னை நார்க் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. அலையில் அந்தப் படகின் உடல் நெகிழ்ந்து கொடுத்தது; அதனால் உடையாமல் தப்பியது.

தென்னை நாரையே ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? தாவர நார்களில் செல்லுலோஸ் இருக்கிறது என்று படித்திருப்பீர்கள். தென்னை நாரில் அதனுடன் லிக்னின் என்ற பொருளும் மிகுதியாக உண்டு. மரத்துக்கு உறுதி தருவது இதுதான். நுண்ணுயிர்கள் இதை எளிதில் சிதைக்க முடியாது. எனவே தென்னை நார் உப்பு நீரில் விரைவில் மக்குவதில்லை.

கடல் கடந்த சொல்

வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697-ல் வெளியிட்ட தம் பயண நூலில், சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைப் பற்றி எழுதினார். அதன் வழியே நம் சொல் ஆங்கிலத்தில் 'காட்டமரான்' என்று நுழைந்தது. பின்னாளில் பசிபிக் தீவுகளின் இரட்டைப் படகுகளைப் போல, இரண்டு உடல்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த கலங்களுக்கெல்லாம் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. டோங்கா மக்கள் தம் பெரிய இரட்டைப் படகைக் 'காலியா' என்பார்கள். சமோவாவில் அது 'ஆலியா'. உலகம் அந்த வகைக் கலத்தை அழைப்பதோ ஒரு தமிழ்ச் சொல்லால்!

அங்கே கட்டு ஒரு கலை

டோங்காவிலும் சமோவாவிலும் மரபு வீட்டுக்கு 'ஃபாலே' என்று பெயர். தூண்களின் மேல் வளைந்த கூரை நிற்கும். தூணையும் உத்தரத்தையும் வளைசட்டங்களையும் சேர்ப்பது ஆணியல்ல. நாரால் பின்னிய கயிறு. டோங்காவில் அதன் பெயர் 'கஃபா', சமோவாவில் 'அஃபா'.

அதைச் செய்யும் முறையைக் கேளுங்கள். தேங்காய் மட்டையைக் கடலோர நீரில் பல வாரங்கள் ஊற வைக்கிறார்கள். பிறகு தட்டிச் சோற்றை நீக்கி, நாரை எடுத்துக் காய வைக்கிறார்கள். நாரைத் தொடைமேல் வைத்து உருட்டித் திரித்து, மூன்று புரிகளாகப் பின்னுகிறார்கள். கேரளத்தில் மட்டையைக் காயல் நீரில் ஊற வைப்பது உங்களுக்கு நினைவுக்கு வருகிறதா? நீண்ட நாருக்கென்றே சமோவாவில் ஒரு தென்னை வகை உண்டு. அதன் பெயர் 'நியு அஃபா'. அதன் காய் மிக நீளமானது.

இந்தக் கயிற்றால் கட்டும் கலையை டோங்கா மக்கள் 'லலாவா' என்கிறார்கள். நாரின் இயற்கைப் பழுப்பு நிறக் கயிறும், கறுப்புச் சாயம் ஏற்றிய கயிறும் மாறி மாறிச் சுற்றப்படும். எந்தச் சுற்று மேலே, எந்தச் சுற்று கீழே என்ற ஒழுங்கு மாறினால் கோலமும் மாறும். ஒரு புகழ்பெற்ற கோலத்துக்கு 'மனுலுவா' என்று பெயர். மனு என்றால் பறவை. லுவா என்றால் இரண்டு. டோங்காப் பெண்கள் மரப்பட்டையை அடித்துச் செய்யும் 'ஙாத்து' என்னும் துணியிலும் இதே இரட்டைப் பறவையைக் காணலாம். டோங்காவில் பிறந்து நியூசிலாந்தில் வாழும் சிற்பி ஃபிலிபே தோஹி, இந்தக் கயிற்றுக் கோலங்களையே சிற்பங்களாக வடித்திருக்கிறார்.

ஒன்றைக் கவனியுங்கள். அங்கே அழகு வேறு, உறுதி வேறு அல்ல. சுற்று ஒழுங்காக இருந்தால்தான் கோலம் வரும். ஒழுங்காக இருந்தால்தான் பளுவும் எல்லாச் சுற்றுகளிலும் சமமாகப் பரவும். கோலம் பிசகினால் கட்டும் பிசகிவிட்டது என்று கண்ணே சொல்லிவிடும்.

நீங்களே செய்து பாருங்கள்

உருளையான ஒரு கம்பை, ஒரு கிரிக்கெட் ஸ்டம்பை, இரண்டு நாற்காலிகளின் நடுவே கிடையாக வையுங்கள். நீண்ட நூலின் ஒரு முனையில், ஒரு லிட்டர் நீர் நிறைந்த புட்டியைக் கட்டுங்கள். மறுமுனையில் சிறு எடை ஒன்றைக் கட்டுங்கள். நூலைக் கம்பின் மேல் வெறுமனே போட்டால் புட்டி சர்ரென்று இறங்கிவிடும். இப்போது நூலைக் கம்பில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பிறகு இரண்டு சுற்று. நூல் தன்மேல் தானே ஏறிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நூலுக்கும் கம்புக்கும் இடையே உராய்வெண் 0.3 என்று கொண்டால், கணக்கு இப்படி வரும். நூலை வெறுமனே மேலே போட்டிருக்கும்போது, ஒரு கிலோகிராம் புட்டியை நிறுத்த மறுபக்கம் ஏறத்தாழ 390 கிராம் வேண்டும். கூடுதலாக ஒரு சுற்றுச் சுற்றினால் 59 கிராம் போதும். இரண்டு சுற்றுச் சுற்றினால் வெறும் 9 கிராம்! ஓர் அழிப்பான் ஒரு புட்டியைத் தாங்கிவிடும்.

ஒவ்வொரு சுற்றும் தாங்கும் ஆற்றலைக் கூட்டுவதில்லை; ஏறத்தாழ ஆறரை மடங்கு பெருக்குகிறது. கட்டுமரக் கட்டிலும் ஃபாலேயின் கட்டிலும் கடைசி முடிச்சு சிறியதாக இருப்பதன் இரகசியம் இதுதான். பளுவை உராய்வு தாங்குகிறது. முடிச்சு சுற்றுகள் அவிழாமல் காவல் மட்டும் காக்கிறது.

ஒத்திருப்பது உறவாகுமா?

இங்கேயும் நார்க் கட்டு, அங்கேயும் நார்க் கட்டு. அப்படியானால் ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றுக்கொண்டாரா? இந்தக் கேள்வி ஜேம்ஸ் ஹார்னெல் என்பவருக்கும் எழுந்தது. அவர் சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்தவர். 1920-ல் இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி விரிவான ஆய்வு வெளியிட்டார். பின்னர் பசிபிக் தீவுகளுக்கும் சென்றார். பாலினீசியப் படகுகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூலை 1936-ல் ஹொனலூலுவிலுள்ள பிஷப் அருங்காட்சியகம் வெளியிட்டது. தென்னிந்தியக் கரைக்குப் பழங்காலத்தில் பாலினீசியத் தொடர்பு இருந்திருக்கலாம் என்று அவர் கருதினார்.

இன்றைய சான்றுகள் வேறு கதை சொல்கின்றன. மண்பாண்டங்கள், மொழிகள், மரபணுக்கள் ஆகியவற்றை ஆராய்ந்ததில், பாலினீசியர்களின் மூதாதையர் தைவான் பக்கத்திலிருந்து தீவு தீவாகக் கிழக்கே சென்றவர்கள் எனத் தெரிகிறது. டோங்காவை அவர்கள் அடைந்தது ஏறத்தாழ 2,800 ஆண்டுகளுக்கு முன். ஆகவே இரண்டு பொருள்கள் ஒத்திருப்பதாலேயே அவை உறவு என்று முடிவு கட்டக்கூடாது. அலையும் மரமும் தென்னையும் இரண்டு இடத்திலும் இருந்தன. ஒரே கேள்விக்கு இருவரும் தனித்தனியே ஒரே விடையைக் கண்டிருக்கலாம். வௌவாலும் பறவையும் தனித்தனியே சிறகு பெற்றது போல!

ஒரு தலைமுறை போதும்

இத்தகைய அறிவு நூல்களில் இல்லை, கைகளில் இருக்கிறது. அதில்தான் ஆபத்தும் இருக்கிறது. ஒரு தலைமுறை கற்காமல் விட்டால் போதும், அது போய்விடும்.

ஹவாய்த் தீவுகளில் அப்படித்தான் நடந்தது. கருவிகள் இல்லாமல் விண்மீன்களையும் அலைகளையும் பார்த்துப் பெருங்கடலைக் கடக்கும் வித்தை அங்கே மறைந்து போயிற்று. 1970-களில் பழைய முறையில் 'ஹோக்குலெயா' என்ற இரட்டைப் படகைச் செய்தார்கள். அதன் குறுக்குச் சட்டங்களைக் கயிற்றால் கட்டினார்கள். ஆனால் வழிகாட்ட ஹவாயில் ஒருவரும் இல்லை. மைக்ரோனீசியாவின் சடவால் என்ற சிறு தீவிலிருந்து மௌ பியாய்லுக் என்பவரை அழைத்து வந்தார்கள். அவர் சிறுவயதில் தம் பாட்டனாரிடம் அந்த வித்தையைக் கற்றவர். 1976-ல் அவர் அந்தப் படகை ஹவாயிலிருந்து ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தாஹிட்டிக்குக் கொண்டு சேர்த்தார். அவர் கற்றிருக்காவிட்டால்?

அதே 1976-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் இன்னொன்று நடந்தது. சமோவாவிலிருந்தும் டோங்காவிலிருந்தும் தொழிற்சாலை வேலைக்காக வந்து குடியேறிய குடும்பங்கள் அங்கே ஏராளம். அவர்கள் மிகுதியாக வாழ்ந்த ஓட்டாரா பகுதியில், ஹில்லரி கல்லூரி என்ற பள்ளியில், மாணவர்களுக்காகவே ஒரு கலை விழா தொடங்கியது. இன்று 'பாலிஃபெஸ்ட்' எனப்படும் அந்த விழாவில் சமோவா மேடை, டோங்கா மேடை என்று தனித்தனி மேடைகள் உண்டு. ஆடுபவர்கள் உங்களைப் போன்ற உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். டோங்காவின் 'லகலகா' ஆட்டத்தையும் சமோவாவின் 'சிவா' ஆட்டத்தையும் பெரியவர்களிடம் பயின்று அவர்கள் மேடை ஏறுகிறார்கள்.

நம் கரையில் நிலைமை என்ன? துறைமுகத்தின் தடுப்புச் சுவர் தெற்கிலிருந்து வரும் மணலை நிறுத்திவிட்டது. அதனால் மெரினா அகலமாயிற்று. இராயபுரத்திலிருந்து வடக்கே கடல் கரையை அரித்தது. மணல் இருந்த பல இடங்களில் இன்று கருங்கல் குவியல் இருக்கிறது. கல்லின் மேல் கட்டுமரத்தை ஏற்ற முடியுமா? கண்ணாடி இழைப் படகுகளும் வந்தன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் அவை மேலும் பெருகின. அவை மோட்டார் பொருத்தக் கூடியவை. விரைவாகவும் நெடுந்தொலைவும் செல்பவை. உழைக்கும் மீனவர் அவற்றைத் தேர்ந்தெடுத்ததில் தவறில்லை. ஆனால் கட்டுமரம் குறைந்தபோது, கட்டுப் போடத் தெரிந்த கைகளும் குறைந்துவிட்டன.

காசிமேட்டிலோ, திருவொற்றியூர்க் குப்பத்திலோ, எண்ணூர்த் தாழங்குப்பத்திலோ உங்களுக்குத் தெரிந்த முதிய மீனவர் இருப்பார். உங்கள் வகுப்பிலேயே அவர் பேரன் இருக்கலாம். அவரிடம் போங்கள். "தாத்தா, கட்டுமரம் எப்படிக் கட்டுவீங்க?" என்று கேளுங்கள். எந்த மரம், எங்கிருந்து வந்தது, எத்தனை கட்டை, எந்தக் கட்டை நடுவில், எந்த இடத்தில் கட்டு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் அவர் சொல்லும் பெயரை அவர் சொன்னபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். நான்கு முருங்கைக் குச்சிகளும் கொஞ்சம் நார்க் கயிறும் கொண்டு போனால் அவரே கட்டிக் காட்டுவார். பிறகு அதை அவிழ்த்து, அவர் முன்னாலேயே நீங்கள் கட்டுங்கள். சரியாக வரும்வரை கட்டுங்கள். எத்தனை சுற்று என்று எண்ண மறந்துவிடாதீர்கள்!