தர்மபுரி மாவட்டத்தில் பிறந்த ஆகாய விமானம்

எடையோடு நடத்தும் போராட்டம்!

ஆகாய விமானம் எங்கே செய்கிறார்கள்?

"அமெரிக்காவில்" என்பார் ஒருவர். "பிரான்சில்" என்பார் இன்னொருவர். விவரம் தெரிந்தவர், "ஏன், பக்கத்தில் பெங்களூரிலேயே செய்கிறார்களே!" என்பார்.

மூன்றும் சரியே. ஆனால், கேழ்வரகும் மாம்பழமும் விளையும் தர்மபுரி மாவட்டத்திலும் விமானம் செய்தார்கள். இது பலருக்குத் தெரியாது.

ஓசூரிலிருந்து தளிக்குப் போகும் வழியில் பேளகொண்டப்பள்ளி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கேதான் அந்தத் தொழிற்சாலை. இப்போது அந்த ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சேர்ந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். அதற்கு முன் அது தர்மபுரி மாவட்டம். 1965-க்கு முன் சேலம் ஜில்லா. ஊர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. எல்லைக் கோடுதான் நகர்ந்தது!

6 பேர் போகும் விமானம்

தொழிற்சாலையை நிறுவியது "தனேஜா ஏரோஸ்பேஸ்" என்ற தனியார் கம்பெனி. அதற்கு முன்பு நம் நாட்டில் விமானம் கட்டும் வேலை பெரும்பாலும் அரசாங்கத் தொழிற்சாலைகளிலேயே நடந்து வந்தது.

இத்தாலி நாட்டில் "பார்ட்டெனாவியா" என்று ஒரு கம்பெனி. அவர்களுடைய "பி.68" என்ற விமானத்தின் செய்முறையை வாங்கி, இங்கே கட்டினார்கள். 1994-ம் ஆண்டு, பேளகொண்டப்பள்ளியில் கட்டிய முதல் விமானம் வானில் எழுந்தது.

சிறிய விமானம்தான். விமானியையும் சேர்த்து 6 பேர் உட்காரலாம். இரண்டு என்ஜின்கள். ஒவ்வொன்றும் 200 குதிரைச் சக்தி. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் 5 குதிரைச் சக்தி பம்பு செட்டுகள் 80-ஐ ஒன்றாகச் சேர்த்தால் எவ்வளவு பலமோ, அவ்வளவு பலம்!

பெட்ரோல், ஆட்கள், மூட்டை முடிச்சு எல்லாம் ஏற்றினால் எடை ஏறத்தாழ 2 டன். அதைத் தாங்குபவை இரண்டு இறக்கைகள். இரண்டின் பரப்பும் சேர்ந்து ஏறத்தாழ 200 சதுர அடி. கணக்குப் போட்டுப் பாருங்கள். இறக்கையின் ஒவ்வொரு சதுர அடியும் 10 கிலோ சுமக்க வேண்டும். நாம் உட்கார்ந்து சாப்பிடும் மணைப் பலகை அகலத்துக்கு ஒரு 10 கிலோ அரிசிப் பை. சுமப்பதோ வெறும் காற்று!

முறம் சொல்லும் பாடம்

காற்று எப்படிச் சுமக்கிறது?

ஆடி மாதக் காற்றில் ஒரு முறத்தைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். முறத்தைப் படுக்கையாகப் பிடித்தால் காற்று அதை அதிகம் தொந்தரவு செய்யாது. முன் ஓரத்தைச் சற்றே உயர்த்துங்கள். முறம் கையை விட்டு மேலே போகப் பார்க்கும்! சாய்ந்த முறம் காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று முறத்தை மேலே தள்ளுகிறது. இறக்கையும் இதைத்தான் செய்கிறது. அதன் மேல்பக்கம் வளைவாக இருப்பதால் காற்று வழுக்கிக்கொண்டு ஒழுங்காகக் கீழ்நோக்கித் திரும்புகிறது.

முன் ஓரத்தை மிகவும் உயர்த்தினால்? முறம் மேலே போகாது. உங்களைப் பின்னால் தள்ளும். விமானத்துக்கும் அதே கதிதான். மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால் தாங்கும் பலம் போய்விடும். விமானப் பயிற்சியில் மாணவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுகிறார்கள்.

ஆடிக் காற்று தானாக வீசுகிறது. விமானமோ தன் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் ஓடுபாதையில் அத்தனை வேகமாக ஓடுகிறது.

ஓசூர்ப் பக்கம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 3 ஆயிரம் அடி உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே சென்னையில் ஓடுவதைவிட இங்கே விமானம் அதிக தூரம் ஓட வேண்டும். பேளகொண்டப்பள்ளி ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 7 ஆயிரம் அடி. 6 பேர் போகும் விமானத்துக்கு இவ்வளவு வேண்டியதில்லை. பெரிய விமானங்களும் வந்து இறங்கலாம் என்றுதான் இவ்வளவு நீளம்.

பற்ற வைக்காமல் ஏன் ஆணி?

விமானம் கட்டுகிறவனின் பரம விரோதி எடை. இரும்பில் கட்டினால் உறுதி உண்டு, எழும்பாது. அலுமினியத்தின் எடை இரும்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதோடு வேறு உலோகங்களைக் கொஞ்சம் சேர்த்துப் பதப்படுத்தினால் உறுதியும் வந்துவிடும்.

ஆனால் அந்தப் பதம் சூட்டில் கெட்டுப்போகும். அதனால் தகடுகளைப் பற்ற வைக்காமல் ரிவெட் ஆணி அடித்து இணைக்கிறார்கள். ஒருவர் வெளியே நின்று அடிப்பார். இன்னொருவர் உள்ளே இரும்புக் கட்டையை முட்டுக் கொடுப்பார். ஒருவர் கண் சிமிட்டினால் இருவர் வேலையும் வீண். ஆயிரக்கணக்கான ஆணிகளை இப்படி அடிக்க வேண்டும்!

இத்தனை கவனம் எதற்கு? 1954-ம் ஆண்டு இங்கிலாந்தின் "காமெட்" ஜெட் விமானங்கள் இரண்டு, ஜனவரியிலும் ஏப்ரலிலும், நடு வானில் உடைந்து இத்தாலிக்கு அருகே கடலில் விழுந்தன. அதில் இருந்த எவரும் பிழைக்கவில்லை. நிபுணர்கள் ஒரு காமெட் விமானத்தை அப்படியே தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். கடைசியில் உடம்புத் தகடு கிழிந்தது. ஜன்னல் போன்ற திறப்புகளின் மூலையில் மயிரிழை போல வெடிப்பு தொடங்கிப் பரவியது என்று கண்டார்கள். கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் முறிகிறதல்லவா? அதேதான். இன்று விமான ஜன்னல்களின் மூலைகள் வளைவாக இருப்பது அழகுக்காக மட்டும் அல்ல!

அப்புறம் என்ன ஆயிற்று?

பேளகொண்டப்பள்ளியில் பி.68 விமானங்கள் கொஞ்சம்தான் செய்யப்பட்டன. சொந்த விமானம் வாங்குவோர் நம் நாட்டில் எத்தனை பேர்? அடுத்து, பெங்களூர் தேசிய விமான ஆராய்ச்சிக்கூடம் உருவாக்கிய "ஹன்சா" பயிற்சி விமானம் இங்கே தயாரானது. இருவர் அமரும் அந்த விமானத்துக்கு 2000-ம் ஆண்டில் அரசாங்கச் சான்று கிடைத்தது. அதன் உடல் உலோகம் அல்ல. கண்ணாடி நாரையும் பிசினையும் சேர்த்து வார்த்தது. பிறகு தொழிற்சாலை விமான பாகங்கள் செய்வதிலும், விமானங்களைப் பழுது பார்ப்பதிலும் அதிகம் இறங்கியது.

இதனால் நமக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். விமானிகளுக்குப் பயிற்சி, கடற்கரைக் காவல், நில ஆராய்ச்சி, நோயாளியை அவசரமாகக் கொண்டு போவது என்று சிறு விமானங்களுக்கு எத்தனையோ வேலை. ஆனால் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு ஒன்று.

ஐதராபாத்தில் ஏவுகணை வேலையில் இருந்த காலத்தில் அப்துல் கலாம் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே கால் ஊனமுற்ற குழந்தைகள், ஒவ்வொன்றும் 3 கிலோவுக்கு மேல் எடையுள்ள உலோகச் சட்டங்களைக் காலில் கட்டிக்கொண்டு இழுத்து இழுத்து நடந்தார்கள். ஏவுகணைக்காகக் கண்ட லேசான பொருளில், மூன்றே வாரத்தில் 300 கிராம் எடையில் சட்டம் செய்து கொடுத்ததாகக் கலாம் சொல்லியிருக்கிறார். குழந்தைகள் ஓடினார்கள். பெற்றோர் அழுதார்கள்.

இனி வருவது

2019-ம் ஆண்டு ஜனவரியில் தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கியது. அதில் சேர்ந்த 5 ஊர்களில் ஓசூரும் ஒன்று, சேலமும் ஒன்று. தர்மபுரி இரண்டுக்கும் நடுவே! 2024-ம் ஆண்டு ஜூன் மாதம், ஓசூரில் 2 ஆயிரம் ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பிரயாணிகள் வரக்கூடிய விமான நிலையம் அமைக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். பெங்களூர் விமான நிலையத்துக்கு 150 கிலோமீட்டருக்குள் புதிய நிலையம் கூடாது என்ற ஒப்பந்தம் 2033 வரை குறுக்கே நிற்கிறது. 2 ஆயிரம் ஏக்கர் என்பது யாரோ உழுத நிலம் என்பதையும் மறக்கக்கூடாது. அந்த நிலத்தில் வரும் வேலை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்குமா என்பதுதான் பெற்றோர்கள் கேட்க வேண்டியது.

அதற்கு என்ன படிக்க வேண்டும்? என்ஜினீயர் ஆக விரும்புகிறவர்களுக்கு, கலாம் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி. இருக்கிறது. 1949-ல் சி.ராஜம் தமது மாளிகையை விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு தொடங்கிய கல்லூரி அது. ஆனால் எல்லோரும் என்ஜினீயர் ஆக வேண்டியதில்லை. ஐ.டி.ஐ.யில் பிட்டர் வேலை படித்தவருக்கும் விமானத் தொழிலில் இடம் உண்டு. தகட்டில் துளை போட்டதும், துளையின் ஓரத்துப் பிசிறைச் சுரண்டி எடுப்பது அங்கே கற்றுத்தரும் ஆரம்பப் பாடங்களில் ஒன்று. வெடிப்பு அந்தப் பிசிறிலிருந்தும் தொடங்கலாம்.