சுட்ட தோட்டா ஏன் சிக்குகிறது?

பொன்னமராவதிக்கு வடக்கே, திருச்சியில், 1966-ல் அரசு துப்பாக்கித் தொழிற்சாலை தொடங்கியது. அங்கே 12 போர் 'பம்ப்' துப்பாக்கியும் செய்யப்பட்டிருக்கிறது. குழலுக்கு அடியில் ஒரு கைப்பிடி. அதைப் பின்னுக்கு இழுத்தால் சுட்ட தோட்டா வெளியே விழும். முன்னுக்குத் தள்ளினால் புதுத் தோட்டா ஏறும்.

சில வேளை சுட்ட தோட்டா வெளியே வராது. உடைந்தது எது?

தோட்டா குழலுக்குள்ளேயே நின்றால், அதன் விளிம்பைப் பிடித்திழுக்கும் சிறு கொக்கியைப் பார்க்க வேண்டும். முனை தேய்ந்திருக்கலாம், ஒடிந்திருக்கலாம், வில் தளர்ந்திருக்கலாம். குழலில் அழுக்கும் துருவும் ஏறினாலும் தோட்டா இறுகும்.

குழலை விட்டு வந்தும் வெளியே தெறிக்கவில்லையா? கொக்கி பெரும்பாலும் நல்லது. தோட்டாவைத் தட்டி எறியும் பாகம் பழுதாகியிருக்கலாம்.

ஆனால் உஷார்! குழல் காலியானால் துப்பாக்கி காலி என்று எண்ணாதீர்கள். அடிக்குழாயில் இன்னும் தோட்டா இருக்கலாம். கைப்பிடியை ஒரு முறை அசைத்தால் அது மேலே ஏறிவிடும். சுடாமல் சிக்கிய தோட்டாவை ஆணி கொண்டு நெம்புவது உயிருக்கு உலை வைக்கும்.

துடைத்து வைப்பது உடையவர் வேலை. பழுது பார்ப்பதோ, 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்றவர் வேலை. கோளாறு இன்னதென்று அவரிடம் சொன்னால் போதும். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், பரீட்சை வேண்டாம்!