மெழுகில் ஏறிய பாட்டு

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். மாவிளக்குக்கு அரிசி இடிக்கிற உலக்கைச் சத்தத்தைத் தாண்டி எங்கிருந்தோ உடுக்கை கேட்டால் கொஞ்சம் நின்று கவனியுங்கள். உடுக்கையின் இடுப்புக் கயிற்றை விரல்கள் இறுக்கும்போது இருபுறத் தோலும் விறைக்கிறது. விறைத்த தோல் விரைவாக அதிரும், ஒலி மேலேறும். பிடியைத் தளர்த்தினால் வழுக்கிக்கொண்டு கீழே வரும். ச, ரி, க, ம எழுதத் தெரிந்த ஒருவரிடம் தாளைக் கொடுத்து இதை எழுதச் சொன்னால் திணறிப்போவார். இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே நழுவுகிற ஒலிக்கு எழுத்து ஏது?

இந்தச் சங்கடத்தை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் ஆர்னால்ட் பாக்கே. 1899-இல் நெதர்லாந்தில் பிறந்தவர். சமஸ்கிருதம் படித்தார், நன்றாகப் பாடவும் பாடுவார். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது பதினேழாம் நூற்றாண்டில் தாமோதரர் எழுதிய ‘சங்கீத தர்ப்பணம்’. தஞ்சையில் வேங்கடமகி தம் இசை நூலை எழுதிக்கொண்டிருந்ததும் அதே நூற்றாண்டில்தான். அந்தக் காலத்து ஐரோப்பிய இசையை ஆராய்கிறவருக்குப் பாட்டே குறியீடாகத் தாளில் கிடைத்துவிடும். நம் நூல்களில் இருப்பது பெரும்பாலும் இலக்கணம். ராகத்துக்குத் தேவ உருவம் கொடுத்து அழகாக வர்ணிப்பார்கள். எப்படிப் பாடுவது என்பதைக் குருவின் வாயிலிருந்துதான் பெற வேண்டும்.

பாக்கே நூலோடு நிற்கவில்லை. 1925-இல் மனைவி கோரியுடன் சாந்திநிகேதன் வந்து சேர்ந்தார். தாகூரின் பாடல்களைக் கற்று, மேடைகளில் பாடி, 26 பாடல்களை மேற்கத்தியக் குறியீட்டில் எழுதி 1935-இல் பாரிஸில் வெளியிட்டார். அதற்குள் அவர் கையில் இன்னொரு கருவியும் வந்திருந்தது: மெழுகு உருளையில் ஒலியைப் பதியும் போனோகிராஃப்.

அது வேலை செய்யும் விதம் எளிது, ஆனால் யோசிக்க யோசிக்க வியப்பு. மின்சாரமே வேண்டாம். பாடுகிறவர் ஒரு புனலின் வாய்க்கு நேராகப் பாடுவார். குரல் தள்ளும் காற்று புனலடியிலுள்ள மெல்லிய தகட்டை அதிரவைக்கும். தகட்டோடு ஒட்டிய ஊசி, சுழலும் உருளையில் மேடும் பள்ளமுமாக உழுதுகொண்டே போகும். உருளையின் விட்டம் சுமார் ஐந்தரை சென்டிமீட்டர், வேகம் பொதுவாக நிமிடத்துக்கு 160 சுற்று. கணக்குப் போட்டால் நொடிக்கு அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான மெழுகு ஊசியைக் கடந்துபோகிறது. நொடிக்கு 435 முறை அதிரும் ஒரு ஸ்வரம் அதில் விழுந்தால், ஒவ்வொரு அதிர்வுக்கும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடம். குரல், கண்ணால் பார்க்கக்கூடிய வடுவாகிவிடுகிறது.

435 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. உருளையைச் சுழற்றுவது சாவி கொடுத்த சுருள்வில். திரும்பப் போடும்போது வேகம் நிமிடத்துக்குப் பத்துச் சுற்று கூடினாலும் போதும், பாடியவரின் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும், பாட்டும் ஓடும். ஒரு கட்டையில் பாடினாரா ஒன்றரையில் பாடினாரா என்று பிற்காலத்தில் யாரைக் கேட்பது? இத்தகைய உருளைகளைச் சேகரித்துவைத்த பெர்லின் ஒலிக் காப்பகத்தார் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். பதிவின் தொடக்கத்தில் 435 அதிர்வுள்ள சின்ன ஊதுகுழலை ஊதிவிடு. கேட்பவர் அந்த ஒலி சரியாக வரும்வரை வேகத்தைத் திருத்திக்கொள்வார். நம் கச்சேரியில் தம்புரா செய்கிற வேலையை அங்கே ஒரு நொடி ஊதல் செய்தது.

மெழுகுக்கு இன்னொரு குறை: ஒவ்வொரு முறை கேட்கும்போதும் ஊசி கொஞ்சம் தேய்த்துவிடும். அதனால் பெர்லினில் உருளைமேல் கடத்தும் பொடி பூசி, மின்முலாம் முறையில் செம்பு அச்சு எடுத்தார்கள். அச்சு எடுக்கையில் அசல் மெழுகு அழிந்துபோகும். பிறகு அச்சிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் வார்க்கலாம். அசலைப் பலிகொடுத்துப் பாட்டைக் காப்பாற்றுவது! அந்த முடிவை எடுத்தவர்களின் நெஞ்சுரத்தை நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டு மூன்று நிமிடத்தில் உருளை தீர்ந்துவிடும் என்பதுதான் பாக்கேக்குப் பெரிய தொல்லை. ஒரு கிராமத்துச் சடங்கு இரவெல்லாம் நடக்கும். இரண்டு நிமிடத்தில் எதைப் பிடிப்பது? 1938-இல் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் வந்தபோது டெஃபி என்ற ஜெர்மன் கருவியைக் கொண்டுவந்தார். பிலிம் பட்டையில் ஊசியால் பள்ளம் அழுத்தும் கருவி அது. உருளையைவிட நெடுநேரம் ஓடும். கூடவே 16 மில்லிமீட்டர் பிலிம் கேமராவும் இருந்தது. சபா மேடைகளைவிட நாட்டுப்புறப் பாட்டும் சடங்கும் ஆட்டமும்தான் அவரை அதிகம் இழுத்தன. நம் வித்வான்களே அப்போது அவற்றைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1940-களின் இறுதியில் லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைநாட்டு, ஆப்பிரிக்கக் கல்விக்கூடத்தில் ஆசிரியரானார். 1963-இல் மறைந்தார். அவரிடம் படித்த நசீர் ஜைராஸ்போய், 1984-இல் சக ஆய்வாளர் ஏமி கேட்லினுடன் வீடியோ கேமராவைத் தூக்கிக்கொண்டு, 1938-இல் குரு போன தடத்திலேயே தமிழகம், கேரளம், கர்நாடகம் என்று திரும்பி வந்தார். பழைய ஒலியையும் படத்தையும் வைத்துக்கொண்டு, எந்தக் கலை எப்படி மாறியிருக்கிறது, எது விட்டுப்போனது என்று ஊர் ஊராக ஒப்பிட்டார்கள். பாக்கேயின் பதிவுகளின் பிரதிகளைக் குருகிராமில் உள்ள இசையியல் காப்பகத்தில் இன்றும் கேட்கலாம்.