படம் ஏன் திக்குகிறது?

மாணவர்களே, வீட்டிலுள்ள பழைய கணினியில் லினக்ஸும் ஜெலிஃபினும் நிறுவினால் அது குடும்பத்தின் படக் களஞ்சியமாகிவிடும். தொலைக்காட்சிக்குப் புரியாத வடிவில் படம் இருந்தால், கணினி அதை உடனுக்குடன் வேறு வடிவுக்கு மாற்றி அனுப்பும்.

4கே படத்தின் ஒரு சட்டத்தில் 3840 × 2160, அதாவது ஏறக்குறைய 8.3 மில்லியன் படப்புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 24 சட்டங்கள் என்றால் ஏறத்தாழ 200 மில்லியன்! இந்தச் சுமையைத் தாங்கவே இன்டெல், 2011 முதல் தன் செயலிகள் பலவற்றில் ‘குவிக் சிங்க்’ என்னும் தனிச் சுற்றைச் சேர்த்து வருகிறது.

அதை இயக்கிய பின்னும் படம் திக்குவது ஏன்? வடிவமாற்றம் ஒரே வேலை அன்று. சுருக்கத்தைப் பிரித்தல், அளவைக் குறைத்தல், வண்ணத்தைச் சரிசெய்தல், சப்டைட்டில் பதித்தல், மீண்டும் சுருக்குதல் என அது ஒரு சங்கிலி. ஒரு கண்ணி மட்டும் மையச் செயலியிடம் போனாலும் மற்றவை காத்திருக்க வேண்டும். நெடுஞ்சாலையின் மூன்று தடங்கள் ஒன்றாகக் குறுகும் இடம் அதுதான்.

அதைக் கண்டுபிடிக்க, அறிவியல் கூடத்தில் செய்வதுபோல் ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றுங்கள். அதே காட்சியைச் சப்டைட்டில் இல்லாமல் ஓட்டுங்கள். வேகம் கூடினால் காரணம் அகப்பட்டது. கூடாவிட்டால் வண்ணச் சரிசெய்தலை நிறுத்திப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால், ஜெலிஃபின் ‘ரெண்டர்’ குழுவில் உள்ளதா எனச் சோதியுங்கள். அனுமதியின்றி அது அந்தச் சுற்றைத் தொடவே முடியாது.

புதிய கணினி கேட்பதற்கு முன் இந்த மூன்று சோதனைகளையும் செய்து பாருங்கள்.