கடலோரத்தில் மனை தேடுவோர் அறிய வேண்டியவை

சென்னைக்குத் தெற்கே திருவான்மியூரைக் கடந்ததும் கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், அக்கரை, பனையூர், உத்தண்டி என்று கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருமருங்கிலும் நீண்டு செல்லும் பிரதேசம், ஒரு தலைமுறைக்கு முன்னர் சவுக்குத் தோப்பும் மணல்மேடும் மீனவர் குப்பங்களுமாக இருந்து, 2011-இல் ஊராட்சி நிலை நீங்கி மாநகராட்சியோடு சேர்ந்து, இன்று வசதி படைத்தவர்களும் வசதியை நாடுகிறவர்களும் ஒருங்கே விரும்பும் குடியிருப்பாக மாறிவிட்டது. இங்கே மனையோ வீடோ வாங்க வருகிறவர்கள் சாலையின் அகலம், பள்ளிக்கூடத்தின் தூரம், மருத்துவமனை, கடைத்தெரு, பக்கத்து மனை என்ன விலைக்குப் போயிற்று என்பன போன்ற விஷயங்களை விசாரிப்பதில் குறை வைப்பதில்லை. ஆனால் அந்த மனையைச் சூழ்ந்துள்ள நீரைப் பற்றி, அதாவது கிழக்கே உள்ள கடல், மேற்கே உள்ள கால்வாயும் கழுவெளியும், காலுக்குக் கீழே உள்ள ஊற்று ஆகியவற்றைப் பற்றி, முன்பணம் கொடுப்பதற்கு முன்னே கேட்டறிகிறவர்கள் மிகச் சிலரே. ஆயுட்காலச் சேமிப்பை இந்த மணலில் இட்ட பிறகு வரும் துன்பங்களிற் பெரும்பாலானவை இந்த ஒரு விசாரணையைச் செய்யாமையால் வருகின்றன என்பதே என் அபிப்பிராயம்.

முதலில் கடலை எடுத்துக்கொள்வோம். 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 1991-இல் முதன்முதலாகக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டு, 2011-இலும் 2019-இலும் அதைத் திருத்தி அமைத்தது. ஓதம் உச்சமாக ஏறும் கோட்டிலிருந்து நிலத்தை நோக்கி 500 மீட்டர் வரையுள்ள பூமி இந்த மண்டலத்துக்குள் அடங்குகிறது. ஓதநீர் ஏறி இறங்கும் கழிமுகங்களின் கரைகளும் அவ்வாறே. நகர்ப்புறமாக வளர்ந்துவிட்ட இடத்தில், முன்பே உள்ள சாலைக்கோ அங்கீகாரம் பெற்ற கட்டடத்துக்கோ நிலத்தை நோக்கிய பக்கத்தில்தான் புதிய கட்டடம் எழலாம். கிராமப்புறமாகக் கணிக்கப்பட்ட இடத்தில் கரையை ஒட்டிய ஒரு பட்டையில் புதுக் கட்டடத்துக்கே இடமில்லை. ஒரே தெருவில் ஒரு மனை ஒரு வகையிலும் அடுத்த மனை வேறொரு வகையிலும் விழக்கூடுமாதலால், 'இந்த ஏரியா முழுவதும் பிரச்சினை இல்லை' என்று தரகர் கூறும் உறுதிமொழிக்கு ஆதாரமே கிடையாது. சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, அது எந்த வகையில் அமைந்துள்ளது என்பதை மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் வரைபடத்தில் பார்ப்பதும், சந்தேகம் இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்துடன் மனு எழுதி முப்பது நாட்களுக்குள் பதில் பெறுவதும் எந்தக் குடிமகனுக்கும் உரிய உரிமை.

இந்தக் கோட்டைப் பொருட்படுத்தாமல் கட்டினால் என்ன நேரும் என்பதற்குக் கொச்சியை அடுத்த மரடு சாட்சி. காயற்கரையில் எழுந்த நான்கு அடுக்குமாடித் தொகுதிகளுக்கு 2006-இல், அப்போது ஊராட்சியாக இருந்த அந்த உள்ளாட்சி அமைப்பு கட்டட அனுமதி வழங்கியது. அந்த அனுமதியை நம்பி வீடு வாங்கியவர்கள் பத்திரம் பதிந்து, வரி செலுத்தி, பல ஆண்டுகள் குடியிருந்தார்கள். ஆனால் கடலோர ஆணையத்தின் ஒப்புதல் பெறப்படவில்லை என்ற காரணத்தால், 2019 மே மாதம் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவற்றை அகற்றுமாறு ஆணையிட்டது. பிற்காலத்து வரைபடத்தில் அந்த இடத்தின் வகை மாறியிருந்தபோதிலும், கட்டிய காலத்தில் என்ன வகையோ அதுவே கணக்கு என்று நீதிமன்றம் கொண்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் அந்தக் கட்டடங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வீடிழந்தவர்களுக்கு இடைக்கால நிவாரணமாக 25 லட்ச ரூபாய் கொடுக்க உத்தரவாயிற்று என்பது உண்மையே. ஆனால் குடும்பம் குடும்பமாகத் தட்டுமுட்டுச் சாமான்களைச் சுமந்து வெளியேறியவர்களின் மனத்துயரத்தை எந்தத் தொகை ஈடுசெய்யும்? அவர்கள் குற்றவாளிகள் அல்லர். ஓர் அரசு அலுவலகத்தின் முத்திரையை நம்பியவர்கள். ஆகையால், உள்ளாட்சியின் அனுமதியும் திட்டக் குழுமத்தின் அனுமதியும் கையில் இருந்தாலும், கடலோர அனுமதி தனியே இருக்கிறதா என்று கேட்டு, அந்தக் கடிதத்தின் பிரதியை வாங்கிப் படித்த பின்னரே கிரய ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்.

மேற்குப் பக்கத்து நீர் வேறு சுபாவம் உடையது. சாலை ஓடும் மணல்திட்டு சற்றே உயர்ந்திருக்க, அதற்கு மேற்கே நிலம் பக்கிங்ஹாம் கால்வாயை நோக்கித் தாழ்ந்து செல்கிறது. அதற்கும் அப்பால் பள்ளிக்கரணைக் கழுவெளி. தென்சென்னையின் எத்தனையோ ஏரிகளின் உபரிநீர் இந்தச் சதுப்பில் வந்து தங்கி, ஒக்கியம் மடுவின் வழியாகக் கால்வாயில் சேர்ந்து, தெற்கே முட்டுக்காட்டில் கடலைக் காண்கிறது. ஒரு காலத்தில் பல ஆயிரம் ஹெக்டேர் பரந்திருந்த சதுப்பில் இன்று எஞ்சியதில் 1,247 ஹெக்டேர் 2022-இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. எஞ்சாமற்போன பகுதியின் மேல்தான் குடியிருப்புகள் நிற்கின்றன. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரிப் பக்கங்களில் நாட்கணக்கில் வெள்ளம் வடியாமல் நின்றதற்கு மழையின் மிகுதி மட்டும் காரணம் அன்று; நீர் தன் பழைய இருப்பிடத்துக்கே வந்தது. எனவே மனையைப் பார்க்க ஐப்பசி, கார்த்திகை மாத அடைமழை நாளில் ஒருமுறை செல்வது நலம். எதிர்வீட்டுக்காரரிடமும் தெருமுனைக் கடைக்காரரிடமும் அந்த இரு ஆண்டுகளிலும் தண்ணீர் எதுவரை ஏறிற்று என்று கேட்டால், சுவரில் கைவைத்தே காட்டிவிடுவார்கள். புதிதாக மண் கொட்டி மேடாக்கிய மனையானால், அந்த மேட்டினால் தள்ளப்பட்ட நீர் எந்தப் பக்கம் போகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

காலுக்குக் கீழே உள்ள ஊற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு வரையுள்ள இந்த மணற்படுகை, பெய்த மழையை உடனுக்குடன் உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்ளும் இயல்புடையது. நன்னீர் உப்புநீரைவிட இலேசானதாகையால் அதன் மேல் மிதந்து நிற்கிறது; கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் உயர்ந்திருந்தால், மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது மீட்டர் ஆழம் வரை உப்புநீரை நெருங்கவிடாமல் தடுத்து வைக்கும் என்பது நிலத்தடி நீரியலார் கண்ட விதி. மேலே குறையும் ஒவ்வோர் அடிக்கும் கீழே நாற்பது அடி உப்பு ஏறி வரும். ஆழ்துளைக் கிணறுகள் பெருகி, தண்ணீர் லாரிகள் இரவும் பகலும் நிரப்பிச் சென்றதன் விளைவை இங்குள்ள பல கிணறுகளின் நீரைச் சுவைத்தாலே உணரலாம். ஊற்றைக் காக்க 1987-ஆம் ஆண்டுச் சென்னைப் பெருநகர் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது; 2003-இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாயிற்று; கடலோர அறிவிக்கையும் ஆழ்துளைக் கிணறுகளைக் கட்டுப்படுத்துகிறது. சட்டத்துக்குக் குறைவில்லை, கடைப்பிடிப்பதில்தான் குறை. நெம்மேலியில் 2013-இல் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் தரவல்லது என்றாலும், அதன் குழாய் உங்கள் தெருவுக்கு வந்திருக்கிறதா என்பதே உங்கள் வீட்டுக்கு உரிய கேள்வி.

கிணற்று நீரைக் கோடையில், மழைக்கு முன்னே, சோதனைச்சாலைக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது இந்தியத் தர நிர்ணயப்படி விரும்பத்தக்கது. வேறு ஆதாரம் இல்லாதவிடத்து 2,000 வரை பொறுக்கலாம். பாதாளச் சாக்கடை வராத தெருவானால் அண்டை வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியின் கசிவும் இதே மணலில்தான் இறங்குகிறதாதலால், கிருமிச் சோதனையும் அத்தியாவசியம். உத்தண்டி வரை சாலை நெடுகக் கான்கிரீட் மழைநீர் வடிகால் அமைக்கும் திட்டம் வந்தபோது, மணல் தானே குடித்துக்கொள்ளும் நன்னீரைக் கடலுக்கு அனுப்புவானேன் என்று இப்பகுதி மக்கள் எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றார்கள். நியாயம் அவர்கள் பக்கமே இருந்தது என்று நான் கருதுகிறேன். தம் நீரைக் குறித்து இவ்வளவு விழிப்புடன் இருக்கும் மக்கள் வாழும் தெருவே நான் தேர்ந்தெடுக்கும் தெரு.

ஆவணங்களைப் பற்றி வக்கீல்கள் சொல்வது எல்லோரும் அறிந்ததே. முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றும் தாய்ப் பத்திரமும் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை. ஆனால் பட்டாவோடு நிற்காமல், வட்டாட்சியர் அலுவலகத்தில் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்ப்பவர்கள் குறைவு. அந்தப் பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு என்றோ மேய்க்கால் என்றோ கழுவெளி என்றோ எழுதியிருந்தால், பிற்காலத்தில் எத்தனை கைமாறியிருந்தாலும் அந்த மனையை விட்டு விலகிவிடுவதே புத்தி.

கடற்கரை விலைக்கு வருவதில்லை என்பதையும் குடியேறுவோர் அறிந்திருக்க வேண்டும். பெரிய நீலாங்கரைக் குப்பத்திலும் நைனார் குப்பத்திலும் படகு நிறுத்தி, வலை உலர்த்தி, மீன் காயவைத்து வாழ்பவர்கள் புதிய பங்களாக்களுக்கு முன்பிருந்தே அங்கே இருப்பவர்கள். அவர்களுடைய வாழ்வாதாரத்தைக் காப்பதைக் கடலோர அறிவிக்கை தன் நோக்கங்களுள் ஒன்றாகவே கூறுகிறது. கரைக்குச் செல்லும் பொதுவழியை மதில் எழுப்பி அடைத்து, 'தனிக் கடற்கரை' என்று விளம்பரம் செய்து விற்கப்படும் வீடு, வழக்கையும் சேர்த்தே விற்கிறது. தை, மாசி மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரை இது. குஞ்சுகள் வெளிச்சத்தைக் கண்டு திசை மயங்குமாதலால், கடலை நோக்கிய விளக்குகளை அந்நாட்களில் அணைத்துவைக்கவும் மனம் இருக்க வேண்டும்.

இவ்வளவு ஜாக்கிரதைக்குப் பிறகும் ஏமாற்றப்பட்டால் பரிகாரம் உண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் காலக்கெடு வேறு. பக்கத்தில் விதிமீறி எழும் கட்டடத்தினாலோ நிரப்பப்படும் நீர்நிலையினாலோ பாதிப்பு என்றால், சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை, காரணம் எழுந்த ஆறு மாதங்களுக்குள் அணுக வேண்டும். கட்டுமானக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரையானால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் இரண்டு கோடி வரை மாநில ஆணையம். இப்பகுதியில் இரண்டு கிரவுண்டு மனையில் கட்டிய சிறு அடுக்குமாடிகளில் வாங்கியோருக்கு இந்த வழி முக்கியம்; ஏனெனில் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் எழும் கட்டடம், மக்கள் 'ரெரா' என்று வழங்கும் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட வேண்டியதில்லை. பதிவுக்கு உட்பட்ட திட்டங்களில் எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. பொய் விளம்பரத்தை நம்பி வாங்கியவர் விலகினால், வட்டியோடு பணம் திரும்ப வேண்டும். ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் வெளிப்படும் கட்டமைப்புக் குறையைக் வாங்கியவருக்குச் செலவின்றிக் கட்டியவரே சரிசெய்ய வேண்டும். நிலத்தின் உரிமையிலேயே பழுது இருந்து அதனால் நஷ்டம் நேர்ந்தால், அதற்குரிய இழப்பீட்டுக் கோரிக்கைக்குக் காலவரம்புத் தடையே இல்லை என்று அந்தச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு கூறுகிறது. ஆதலால் பல ஆண்டுகள் கழிந்து அந்தப் பழுது தெரிய வந்தாலும், விளம்பரத் தாள், ஒப்பந்தம், பணம் செலுத்திய ரசீது ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருந்தவர் அவற்றோடு 'ரெரா' ஆணையத்தின் தீர்ப்பளிக்கும் அலுவலரிடம் மனுச் செய்யலாம்.